பெரியம்மை வீட்டு நெட்டு

மாசியில் ரப்பர் தளிர்க்கத் தொடங்கினால் பெரியம்மை வீட்டில் நெட்டு திணறும். தை மாதம் விளை முழுக்க இலை உதிர்ந்து மொட்டையாக நிற்கையில் அதே வீட்டில் படம் தடங்கலில்லாமல் ஓடும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. அதுவரை ரூட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீடு பாறசாலைப் பக்கம், அவள் வீடு களியக்காவிளைப் பக்கம். நடுவே 200 மீட்டர் ரப்பர் விளை. அதற்குள் எங்கேயோ கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பாட்டியின் பிள்ளைகள் இரண்டு மாநிலத்து ரேஷன் கார்டுக்காரர்கள் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் வீட்டுக்கு மேலே இருந்தது டிவி ஆன்டெனா. 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷனில் மலையாள நிகழ்ச்சி தொடங்கியபின் அப்பா இரும்புக் குழாயை வடமேற்கே திருப்பிக் கட்டினார். கடற்கரைப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ரூபவாஹினிக்காகக் கிழக்கே திருப்பியிருப்பார்கள். மேலே அப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு, "கிட்டிச்சா?" என்பார். கீழேயிருந்து அம்மை, "கிட்டல்ல, இன்னும் கொஞ்சம்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் பெரியம்மை பிள்ளைகளோடு விளையைக் கடந்து வருவாள். பாய் போதாமல் சாக்கு விரிப்போம்.

பிறகு தொலைபேசி வந்தது, அதுவும் எங்கள் வீட்டில்தான் முதலில். வளைகுடாவிலிருந்து அவள் மகன் எங்கள் எண்ணுக்குக் கூப்பிட்டு, பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிடுவான். அந்தப் பத்து நிமிஷத்தில் யாராவது ஓடிப்போய் அவளை அழைத்து வரவேண்டும். அவள் வீட்டுக்கும் போன் வந்தபோது எங்களுக்கு 0471, அவளுக்கு 04651. கூவினால் கேட்கிற தூரத்துக்கு எஸ்.டி.டி. கோடு போட்டுச் சுழற்றினோம். செல்போன் வந்ததும் கூத்து இன்னும் பெரிதானது. அடுக்களையில் கேரள டவர், திண்ணையில் தமிழ்நாட்டு டவர். திண்ணையில் உட்கார்ந்து அழைப்பை எடுத்தால் ரோமிங் காசு போகும். 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கிய பிறகும் அப்பா பழக்கதோஷத்தில் அடுக்களைக்குள் நின்றே பேசினார்.

எங்கள் வைஃபையை விளை தாண்டி அவள் வீட்டுக்கு நீட்டியது 2020இல், கொரோனா ஊரடங்கில். எல்லையில், இஞ்சிவிளையில் போலீஸ் நின்றது, பாஸ் இல்லாமல் இந்தப்பக்கம் வர முடியாது. பெரியம்மையின் பேத்தி படித்ததோ பாறசாலையில். ஜூன் 1 அன்று கேரளத்தின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்பு தொடங்கியது. டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வீட்டுப்பாடத்துக்கு அவள் வீட்டில் ரேஞ்சு இல்லை. கேபிள் இழுக்கலாமென்றால் அடுத்தவர் விளையும் இரண்டு மாநிலத்துப் போஸ்டுகளும் குறுக்கே. காற்றுவழிக்கு அந்தத் தொல்லை இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாமென்று 2005 ஜனவரியிலேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது.

இரண்டு மொட்டைமாடியிலும் ஆளுக்கொரு வெளிப்புற ஆன்டெனா கட்டினோம். நான் குழாயைத் திருப்ப, அங்கே மாடியில் பேத்தி போனைப் பார்த்து, "கிட்டல்ல மாமா, இன்னும் கொஞ்சம்" என்று கத்தினாள். போலீஸ்காரர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று நூல் பிடித்தாற்போல் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்திருந்தோம். போதாது. இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 200 மீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் அந்த நூலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை மீட்டர் வெட்டவெளி இருந்தால் நல்லது. அதற்குள் இலை நுழைந்தால் இலையிலிருக்கும் நீர் அலையைக் குடித்துவிடும். 2007இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி மலையுச்சியிலிருந்து 382 கிலோமீட்டருக்கு வைஃபை அனுப்பிக் காட்டினார். அவருக்கு நடுவில் ரப்பர் இல்லை. இன்னும் கிட்டத்தில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, கிராமத்துக் கண் மையங்களை இதே வைஃபையால் இணைத்தது. நோயாளி ஊரிலேயே உட்கார்ந்து தேனி டாக்டரோடு திரையில் பேசினார். அங்கே உயரமான டவர் நட்டார்கள். எங்களிடம் இருந்தது அப்பாவின் பழைய ஆன்டெனாக் குழாய்.

ஐப்பசி இடி ஒருமுறை மாடியிலிருந்து இறங்கும் லேன் கேபிள் வழியாக வந்து ரூட்டரின் துளையைக் கருக்கிவிட்டது. அதன்பின் வானம் கறுத்தால் அம்மை முதலில் துணியை எடுப்பாள், அடுத்து கேபிளைக் கழற்றுவாள். இந்த மாநிலத்தில் கறண்டு போனாலும் நெட்டு போகும், அந்த மாநிலத்தில் போனாலும் போகும்.

எங்கள் வேலிக்குப் பின்னாலேயே மாமன் வீடு. இடவழித் தகராறில் பேச்சு நின்று பல வருஷம். அவர் திண்ணை வரை எங்கள் வைஃபை நன்றாக எட்டும், பாஸ்வேர்டுதான் எட்டாது. பெரியம்மை, "அவனுக்கும் குடுத்தா என்ன மக்களே?" என்று கேட்டாள். நான் 2008 சம்பவத்தைச் சொல்லித் தப்பித்தேன். அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபை வழியே போயிருந்தது. போலீஸ் முதலில் அவர் கதவைத்தான் தட்டியது. இணைப்பு யார் பெயரிலோ அவர் தலைதான் உருளும். நான் சொன்னது நியாயமான காரணம்தான், உண்மையான காரணம் இடவழி. பேத்தி அதற்கு முன்பே மாமன் மகனுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டாள் என்பது பிறகு தெரிந்தது. நான் மாற்றவில்லை.

இப்போது ஆளாளுக்குப் போனில் டேட்டா இருக்கிறது. கேபிள்காரர் பைபர் போட்டுத் தருகிறேன் என்கிறார். பெரியம்மை அசையவில்லை. மாதாமாதம் நெட்டு பில்லில் அவள் பங்கான பாதிக் காசுக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கும் ஏத்தன் குலையும் வருகிறது. கணக்குப் பார்த்தால் எங்களுக்குத்தான் லாபம்.

போன மாதம் அவளுக்குப் புது யோசனை. அவள் மாடியிலிருந்து பளுகலில் சித்தப்பா வீட்டுக்கும் நீட்டினால் என்ன? தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டு ஓடு தெரிகிறது. நடுவே ஒரு பெரிய அயனி நிற்கிறது, அது ரப்பரைப்போல் தையில் இலை கொட்டாது. கிளையைக் கோதிவிட்டால் வழி கிடைக்கும். மரம் மாமன் பேரில்.