கணக்கு திரும்பி வருகிறது

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபோது ஸ்கேனில் ஒன்றுமில்லை. மூளையதிர்வு பெரும்பாலும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஆனால் கடையில் 48-ஐயும் 37-ஐயும் கூட்டத் திணறினேன். வாய்ப்பாடு மறக்கவில்லை. எட்டும் ஏழும் பதினைந்து என்று தெரியும். ஐந்தைப் போட்டு அடுத்த இலக்கத்துக்குப் போவதற்குள் மீதி ஒன்று மனதிலிருந்து நழுவிவிடும். அந்த நொடிநேர நினைவுதான் அடிபட்டிருந்தது.

ஓய்வு ஓரிரு நாள் போதும், பிறகு தொந்தரவு கூடாத அளவுக்கு மெல்ல வேலை கொடுக்க வேண்டும் என்பதே இன்றைய மருத்துவ வழிகாட்டல். வாரக்கணக்கில் இருட்டறை என்பதெல்லாம் பழைய கதை. அதன்படி நானும் கணக்கின் ஒவ்வொரு படியையும் தாளில் எழுதிப் போட்டேன். தலை கனத்தால் நோட்டை மூடிவிடுவேன். தலையில் அடிபட்ட பிள்ளை திடீரென்று கணக்கில் தடுமாறினால் தயவுசெய்து திட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது பின்னங்களுக்கு வந்திருக்கிறேன். பகுதிகளைச் சமமாக்குவதுதான் இன்னும் பாடாய்ப் படுத்துகிறது.