குழப்படிக்கு ஒரு மாற்று

குழப்படி செய்யும் பிள்ளையைத் திருத்த நம்மவர் அறிந்த வழிகள் ஏச்சும் பிரம்புமே. இவை “இதைச் செய்யாதே” என்று கூறுமேயன்றி, இதற்குப் பதிலாக எதைச் செய்வதென்று கூறா. அன்றியும், ஏச்சே பரிசாகிவிடுவதும் உண்டு. 1968இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் ஒரு கீழ்வகுப்பிலே இதனைக் கண்டனர். எழுந்து திரியும் சிறுவரை ஆசிரியர் “இரு, இரு” என்று கூடுதலாக அதட்டியபோது எழுவோர் தொகை பெருகிற்று. இருந்து படிப்போரைப் பாராட்டத் தொடங்கியபின் குறைந்தது. கத்தியழும் குழந்தையின் கையில் இனிப்பைத் திணிக்கும் தாயும் அழுகையையே கற்பிக்கின்றாள்.

ஆகவே, குழப்படியாற் பிள்ளை பெறுவது யாதென்று முதலில் ஆராய்தல் வேண்டும். நான் கணிதம் கற்பிக்கச் சென்ற ஆறாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பின்னக் கணக்குத் தொடங்கியதும் மேசையைத் தட்டுவான். அயலிலிருப்பவனின் கொப்பியைக் கிழிப்பான். அவனுக்கு அதுவரை கிடைத்துவந்த தண்டனை வகுப்பிற்கு வெளியே நிற்பது. வேப்பமர நிழலில் நிற்பவனைப் பின்னம் என்ன செய்யும்? தவணை முடிவில் அவனை நீக்கிவிடலாமென்ற பேச்சும் எழுந்தது. தாயார் வந்து அழுதார்.

கார், டியூரண்ட் என்னும் உளவியலறிஞர் இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே எனக்கு உதவிற்று. வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். வேலை கடினமானபோது முரண்டுபிடித்தால் “எனக்கு விளங்கவில்லை” என்றும், கவனிப்பாரின்றி முரண்டுபிடித்தால் “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்றும் சொல்லப் பழக்கினர். காரணத்துக்கேற்ற வாக்கியம் குழப்படியை வெகுவாகக் குறைத்தது. பொருந்தாத வாக்கியம் பயன்தரவில்லை.

நம் மாணவனுக்கு வேண்டியது முதலாவது வாக்கியம். கையை உயர்த்தி, “சேர், விளங்கவில்லை” என்று சொன்னால் உடனே சென்று கணக்கைப் படிபடியாகப் பிரித்துக் காட்டினேன். மேசையைத் தட்டினாலோ, கணக்கு அவன் முன்னே அப்படியே கிடக்கும், வெளியே அனுப்புவதில்லை. அயலவனை மட்டும் சற்றுத் தள்ளி இருத்தினேன். முதல் வாரம் தட்டல் இருமடங்காயிற்று. பயனளித்துவந்த வழி திடீரென அடைபட்டால் அது சிலகாலம் ஓங்கியே தணிவது இயல்பு. அவ்வேளை மனந்தளர்ந்து விட்டுக்கொடுத்தால், பலமாகத் தட்டினாற் பலிக்குமென்று பிள்ளை கற்றுக்கொள்ளும். நான்காம் வாரத்தில் தட்டலிலும் கை உயர்ந்ததே அதிகம். நீக்கும் பேச்சும் ஓய்ந்தது.

“இது இலஞ்சமன்றோ?” என்றார் சக ஆசிரியரொருவர். குழப்படியை நிறுத்தும்படி கெஞ்சிக் கொடுப்பதே இலஞ்சம். இவனுக்குக் கிடைத்ததோ கணக்கு விளக்கம். அது எப்படியும் ஆசிரியர் கொடுக்க வேண்டிய கடன்.

நாற்பது பேருள்ள வகுப்பில் ஒருவன் கையுயர்த்தியதும் ஓடுவது எளிதன்று. தொடக்கத்தில் தவறாது சென்றேன். பின்னர் ஒரு நிமிடம், இரண்டு நிமிடமெனக் காத்திருக்கப் பழக்கினேன். உயர்த்திய கையை எவரும் கவனியாத நாளில் மேசைச் சத்தம் இன்னும் கேட்கத்தான் செய்கிறது.