மவுஸ்ஸாக்கலைக் கரையில்

சென்ற ஆண்டு பங்குனிக் கடைசியில் நாம் குடும்பத்தோடு மஸ்கெலியாவுக்குச் சென்றிருந்தோம். கோட்டையிலிருந்து காலைப் புகைவண்டியில் புறப்பட்டு அட்டனில் இறங்கி, டிக்கோயா, நோர்வூட் வழியாக வளைந்து செல்லும் பஸ் வண்டியில் ஏறினோம். வயிற்றைப் பிரட்டும் இயல்புடையோர் கையில் ஒரு தேசிக்காய் வைத்திருப்பது நன்று.

நிறைந்து ததும்பும் நீர்த்தேக்கத்தைக் காணலாமென்று சென்ற எமக்கு ஏமாற்றமே காத்திருந்தது. நீர் வெகுதூரம் கீழிறங்கிவிட, கரைமண் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. அப்பால் ஒரு கோயிலின் சுவர்களும் தூண்களும் சேறு பூசிக்கொண்டு வெளியே நின்றன. 1969ஆம் ஆண்டு மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அதனுள் அமிழ்ந்தது. கடைத்தெரு, கோயில், விகாரை, பள்ளிவாசல் யாவும் நீருக்கடியில் போயின. மக்கள் மேட்டிலமைந்த புதிய நகருக்குப் பெயர்ந்தனர். வரட்சி மிகுந்த காலங்களிலேதான் பழைய ஊர் தலைகாட்டும்.

எம் சிறுமகள் அச்சுவர்களை நோக்கி ஓடினாள். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "செருப்பைக் கழட்டிட்டுப் போ பாப்பா, அது கோயில்ல" என்றார். நாமும் கழற்றினோம்.

இந்நீர் செய்யும் ஊழியம் பெரிது. சுரங்கவழியாக இறங்கிக் கனியன், புதிய லக்ஷபான, பொல்பிட்டிய ஆகிய மூன்று நிலையங்களிலும் அடுத்தடுத்துச் சக்கரங்களைச் சுழற்றியபின்பே களனி கங்கையைச் சேர்கிறது. அக்கங்கையின் நீரையே அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. இம்மலைநீரால் மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை படித்தார். லக்ஷபானவின் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல்.

நீர் குறைந்தால் நுரைச்சோலையின் நிலக்கரியும் கப்பலில் வரும் எண்ணெயுமே கைகொடுக்கவேண்டும். எண்ணெய் வாங்கப் பணமில்லாமற்போன 2022ஆம் ஆண்டு பங்குனி இறுதியில், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் இருளிலிருந்ததை யார் மறப்பார்? ஆனால் மின்சாரம் திரும்பிவந்த அடுத்த மாதமே நாம் மறந்துவிட்டோம் என்பதை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழலும் வீடுதான் எம்முடையதும். ஊரையே கொடுத்தவர்கள் மேட்டிலே இருக்க, அதன் பயனை நாம் இப்படியா செலவிடுவது?

நாட்டின் மின் தேவை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையே உச்சத்தில் நிற்கிறது. பிள்ளைகளின் சீருடைகளை நாளுக்கொன்றாய் மின்னழுத்தியைச் சூடாக்கித் தேய்ப்பதும் எம் வீட்டில் அந்நேரத்திலேயே நடந்துவந்தது. ஊர் திரும்பியபின் வாரத்துக்கான உடைகள் எல்லாம் ஞாயிறு காலையில் ஒரே சூட்டில் தேய்க்கப்படுகின்றன. கூடத்து விளக்கையும் விசிறியையும் அணைக்கும் பொறுப்பைச் சிறுமகள் தானே ஏற்றுக்கொண்டாள்; நாம் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும்போதே அணைத்துவிடுகிறாள் என்பதுதான் குறை. தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சு இன்னும் முடிந்தபாடில்லை.