மழையும் எங்கள் வெள்ளைக் குதிரையும்

(பி.எஸ்ஸி., இரண்டாம் ஆண்டு மாணவன்)

அயனம்பாக்கத்தில் குதிரையா என்று நண்பர்கள் வியப்பதுண்டு. என் தந்தையார் மாப்பிள்ளை ஊர்வலங்களுக்குக் குதிரை விடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணத்தைச் சுமப்பதும் அந்த வெள்ளைக் குதிரையின் முதுகுதான்.

சென்னையில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்; முகூர்த்தங்களும் அப்போதே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் கொட்டகையில் இரண்டு நாள் தண்ணீர் வடியவில்லை. அடுத்த வாரம் குதிரையின் முதுகெங்கும் பொருக்குகள். தொட்டால், வண்ணந் தோய்ந்த தூரிகைபோல் மயிர் கொத்தாகப் பெயர்ந்து வந்தது. முன்பணம் தந்திருந்த இருவர் அதைத் திரும்பப் பெற்றுச் சென்றனர்.

அக்கம்பக்கத்தார் அதைப் படை என்றனர். வேப்பெண்ணெய் தடவச் சொன்னார்கள். வந்து பார்த்த கால்நடை மருத்துவர் தடுத்துவிட்டார். எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்குமாம். இது பூஞ்சையும் அன்று, பாக்டீரியா. பெயர் டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ். 1915இல் பெல்ஜியக் காங்கோவில் மாடுகளிடம் முதலில் கண்டு எழுதப்பட்டதால் இப்பெயர். காய்ந்த பொருக்கினுள் அது நெடுங்காலம் உறங்கும். நீர் பட்டதும் நீந்தும் வித்துகளை வெளிவிடும். மழையில் ஊறிய தோலில், ஈ கடித்த இடத்திலும் சேணம் உராய்ந்த இடத்திலும் அவை நுழைந்துவிடும். நுண்ணோக்கியில் இதன் செல்கள் இணைகோடுகளாக, அம்பத்தூர்த் தண்டவாளம்போல் தெரியும் என்று நம் விரிவுரையாளர் கரும்பலகையில் வரைந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நனைந்த குதிரைக்குக் குளிருமே என்று தந்தையார் தார்ப்பாய் போர்த்துவது வழக்கம். அன்பின் செயல்தான், ஆனால் உள்ளே தோல் வெந்து புழுங்கும். இப்போது முதலில் பழைய வேட்டியால் ஒற்றித் துடைத்து, காற்றாட நிறுத்துகிறோம். செங்கல் ஜல்லி கொட்டித் தரையை உயர்த்தியாயிற்று. குளம்புக்கு மேலுள்ள மடிப்பில் சேறு ஒட்டினால், அது காய்ந்தபின் தேய்த்து எடுப்போம். கழுவித்தான் ஆகவேண்டுமென்றால் ஈரம் போகத் துடைத்தே விடுவோம். உதிர்ந்த பொருக்கைக் கொட்டகையில் விடுவதில்லை. மனிதருக்கும் எப்போதாவது ஒட்டுமென்பதால் கையை சோப்பிட்டுக் கழுவுகிறோம்.

மெரினாவில் சவாரிக் குதிரைகள் வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்குத்தான் இது கடினம். நான்கு குதிரைக்கு ஒரே பிரஷ், ஒரே சேணத்துணி. நோயுள்ளதற்குத் தனியாக வையுங்கள் என்று சொல்லிச் சொல்லி, சென்ற தீபாவளிக்கு நானே இரண்டு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். "படிச்சவன் சொல்றே, கேக்கறேன்டா" என்றார்.

சென்ற கார்த்திகையில் மழை பெய்த இரவுகளில் தந்தையார் எழுந்து போய் அதன் முதுகைத் தடவிப் பார்ப்பார். நான் டார்ச் அடிப்பேன். பின்னங்காலில் ஒரே ஒரு பொருக்கு இருந்தது. தை முகூர்த்தத்துக்குள் அதுவும் உதிர்ந்து மயிர் முளைத்துவிட்டது.