வலப்புறமும் இடப்புறமும்

முச்சக்கர வண்டியின் பின்னிருக்கையில் மூவர் அமரலாம். ஓரங்கள் இரண்டு, நடு ஒன்று. எமக்குப் புதல்வர் இருவர். ஆகவே நடுவிடம் எமக்கென்று நிலைத்துவிட்டது. வழக்கு அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும், தீர்வதில்லை. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு புறத்திலிருந்தால் கண்டிக் குளம் முழுவதும் தெரியும். மறுபுறத்திலிருந்தால் மதிற்சுவர்தான் தெரியும். குளத்துப் பக்கம் யாருக்கு என்பது ஒவ்வொரு காலையும் புதிதாக விசாரணைக்கு வருகிறது. நேற்றைய தீர்ப்பு இன்று செல்லாது. இரு தோள்களையும் அணைத்தபடி நடுவில் அமர்ந்து நீதி வழங்குவது எம் கடன்.

அதற்கு முன்பே ஒரு பெரும் போர் நடந்து முடிந்திருக்கும். கண்டியின் விடியல் பல மதங்களின் ஒலியோடு வருவது. பள்ளிவாசலின் பாங்கும், தலதா மாளிகையின் மேளமும், கோயில் மணியும் கேட்கும் அந்த வேளையில் எம் அடுக்களையில் இடியப்பம் வெந்துகொண்டிருக்கும். சம்பலுக்குத் தேங்காய் துருவ வேண்டும். இரு பெட்டிகளில் உணவு கட்ட வேண்டும். இரவெல்லாம் பெய்த மழையில் உலராத வெள்ளைச் சட்டைகளை இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் உலர்த்த வேண்டும். மலைநாட்டில் பள்ளிச் சீருடைக்கு வெள்ளை நிறத்தைத் தேர்ந்தவர்கள் துணி துவைத்தவர்களாக இருந்திருக்க முடியாது! மூத்தவன் ஒரு சப்பாத்தைக் காணவில்லை என்பான். இளையவன் அதைத் தன் கட்டிலுக்கடியில் கப்பலாக்கி வைத்திருப்பான்.

மாலையில் குடும்ப ஜெபம். மூத்தவன் வேதப் பகுதியை விரைந்து வாசித்து முடிப்பான். இளையவன் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரு கிரிக்கெட் மட்டை வேண்டுமென்றும், அது அண்ணனின் மட்டையைவிடப் பெரிதாக இருக்க வேண்டுமென்றும் கடவுளிடம் விண்ணப்பிப்பான். நாம் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். ஆனால் எம்முடைய ஜெபமும் அதற்கு மிகவும் மேலானதுதானா என்பதைச் சென்ற ஆண்டு நாம் ஆராய நேர்ந்தது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

எம் வீட்டுக்கு உதவிக்கு ஒருவர் வருகிறார். ஹந்தானை மலைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்து அறை ஒன்றில் வாழ்பவர். பிள்ளைகள் அவரை ‘அக்கா’ என்கிறார்கள். நாமும் அவ்வாறே அழைக்கிறோம். அவரோ எம்மை ‘அம்மா’ என்கிறார். எத்தனை முறை சொல்லியும் அதை மாற்ற முடியவில்லை. அவரும் கிறிஸ்தவர். அவருக்கும் ஆண் பிள்ளைகள் இருவர். எம் பிள்ளைகள் எழுவதற்குள் எம் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாயின், தம் பிள்ளைகள் எழுவதற்கு வெகு முன்னரே அவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். அவர்களை எழுப்பிக் குளிப்பாட்டி அனுப்புகிறவர் அவருடைய மாமியார்.

2022இல் நாடு நெருக்கடியில் வீழ்ந்தபோது எம்மைத் தாங்கியவர் அவரே. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற அந்த மாதங்களை யார் மறப்பர்? ஒரு கட்டத்தில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமில்லை. எரிவாயு அடுப்பையன்றி வேறொன்றும் அறியாத எம் அடுக்களையில், முற்றத்துக் கற்கள் மூன்றை வைத்து, ஈர விறகை எப்படி அடுக்கினால் தீப்பற்றும் என்பதை அவர்தாம் கற்பித்தார். தோட்டத்திலிருந்து தட்டையான கோதுமை ரொட்டியும் வெங்காயச் சம்பலும் கொண்டுவருவார். எம் இளையவன் அதற்காகவே வாசலில் காத்திருப்பான். தம் பிள்ளைகளின் பங்கிலிருந்து அதை எடுத்து வருகிறாரோ என்று அப்போது நாம் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள், வேலை முடிந்தபின் அவர் ஒரு தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பேப்பரக் கொஞ்சம் நெரப்பித் தாங்கம்மா. சின்னவன ஒங்க தம்பி சேரப்போற பள்ளிக்கூடத்துலயே போடலாம்னு நெனைக்கிறேன்.”

முதலாம் தரத்துக்கான விண்ணப்பம் அது. அவருடைய இளைய மகனுக்கும் எம் இளைய மகனுக்கும் ஒரே வயது. எம் மேசையின்மீதும் அதே படிவம் பாதி நிரப்பியபடி கிடந்தது.

நாம் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றுபவர். படிவம் நிரப்புவது எம் தொழில். பெயர், பிறந்த திகதி, தாய்மொழி எல்லாவற்றையும் அழகாக எழுதினோம். வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது. காணி உறுதி உண்டா? லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். குடியிருப்பவருக்கு உறுதி ஏது? குத்தகைப் பத்திரம்? இல்லை. தண்ணீர்ப் பட்டியல்? பீலித் தண்ணீருக்கு யார் பட்டியல் தருகிறார்கள்? தேருநர் இடாப்பில் மட்டும் பெயர் இருந்தது. அதையும் எழுதினோம். தூரத்துக்கும் பத்திரத்துக்கும் புள்ளி வழங்கும் அந்த அட்டவணையில் அவருடைய வரி ஏறக்குறைய வெறுமையாகவே இருந்தது.

வாசகர்களே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அந்த வெறுமையைக் கண்டபோது எம் நெஞ்சில் முதலில் எழுந்தது துயரமன்று, ஆறுதல். இடங்கள் குறைவு; போட்டியில் ஒருவர் குறைந்தார் என்னும் ஆறுதல். ஒரு கணந்தான். ஆயினும் அந்தக் கணம் எம்முடையதே. அதை வேறொருவர்மீது சுமத்த முடியாது.

எம் மூத்தவன் அதே பள்ளியில் படிக்கிறான். ஏற்கெனவே பயில்பவரின் உடன்பிறப்பு என்னும் பிரிவில் இளையவனுக்கு இடம் கிடைத்தது. மூத்தவனுக்கு எப்படிக் கிடைத்தது? அவன் பிறந்த ஆண்டிலேயே பள்ளிக்கு அருகில் வாடகை வீடு தேடிக் குடிவந்தவர்கள் நாம். தொட்டிலில் கிடந்தவனுக்காகப் பத்திரம் சேர்த்தோம். சட்டத்துக்கு மாறாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பத்திரம் சேர்க்க வழியுள்ளவருக்கே சட்டம் வழி திறந்தது. அக்காவின் மகனுக்கு இடமில்லை என்று கடிதம் வந்தது. அதுவும் தோட்டத்து அலுவலகத்தின் வழியாக, பல நாட்கள் தாமதித்தே வந்தது. லயத்துக்குத் தனி முகவரி இல்லையே!

“பரவாயில்லம்மா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயே படிக்கட்டும். ஒங்க தம்பிக்குக் கெடச்சிருச்சுல்ல, அது போதும்” என்றார். அச்சொற்களில் வஞ்சமில்லை. அதனாலேயே அன்றிரவு எம்மால் உறங்க முடியவில்லை.

உறங்காத இரவில் எம் முன்னோரின் கதை நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டில் ‘கண்டிச் சீமை’ என்று பேர் பெற்ற இந்த மலைகளுக்கு, முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மக்கள் கால்நடையாக வந்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்தவர்களில் காய்ச்சலாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். கண்டி மாவட்டத்து லூல்கந்துராத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதை நூல்கள் பேசுகின்றன. மண்ணைக் கொத்தியவர்களின் பெயர்களை எந்த நூலும் பேசுவதில்லை. எம் பாட்டனாரின் தகப்பனாரும் அவ்வாறு நடந்து வந்தவரே.

தோட்டங்களிலே கிறிஸ்தவம் பரவிய வரலாற்றில் 1854இல் கண்டியில் தொடங்கிய ஒரு மிஷனுக்கு இடமுண்டு. அதன் பெயரே ‘தமிழ்க் கூலி மிஷன்’. ஆன்மாவைத் தேடி வந்தவர்களும் பெயரில் ‘கூலி’யை விடவில்லை! ஆயினும் தோட்டந்தோறும் நடந்த உபதேசிமார் வேதத்தோடு எழுத்தையும் கொண்டு சென்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. எம் பாட்டனாருக்கு அத்தகைய மிஷன் பள்ளி ஒன்றில் ஓரிடம் கிடைத்தது. ஓர் உபதேசியார் கையைப் பிடித்து அழைத்துச் சென்று உட்கார வைத்த இடம் அது. அந்த ஓரிடமே எம்மை மலையிலிருந்து நகரத்துக்கு இறக்கியது. அக்காவின் பாட்டனாருக்கு அது கிடைக்கவில்லை. எமக்கும் அவருக்கும் இடையேயுள்ள தூரம் அறிவாலோ உழைப்பாலோ வந்ததன்று. இரு தலைமுறைகளுக்கு முந்திய ஒரு பள்ளி இருக்கையால் வந்தது.

இடையில் அம்மக்கள் பட்டது கொஞ்சமா? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பிரிப்பது பற்றி 1974இல் தீர்மானித்தார்கள். எஞ்சியோர்க்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இலேதான் வந்தது. நாட்கூலி 1,000 ரூபாய் என்பதற்குப் பல்லாண்டு போராடி, 2021இல் அதை அடைந்தபோது, அடுத்த ஆண்டின் விலைவாசி அதை விழுங்கிவிட்டது. அக்கா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து எம் அடுக்களைக்கு வந்த காரணம் இதுதான்.

சில வாரங்களின்பின் ஓர் ஆராதனைக்காக டிரினிட்டிக் கல்லூரியின் தேவாலயத்துக்குச் சென்றோம். எம் பிள்ளைகள் பயில்வது அங்கன்று, விருந்தினராகவே போனோம். கண்டிய மரபில் செதுக்கிய கற்றூண்களின்மேல் எழுந்த அழகிய ஆலயம் அது. அதன் சுவர்களில் டேவிட் பெயின்ரர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். வேதக் கதைகளை இந்நாட்டு முகங்களோடும் இந்நாட்டு மரஞ்செடிகளோடும் வரையத் துணிந்த கலைஞர் அவர். 1920களின் பிற்பகுதியில் வரைந்த ஓர் ஓவியத்தின் முன் நின்றுவிட்டோம். செபெதேயுவின் மனைவி தம் இரு புதல்வருக்காக இயேசுவிடம் விண்ணப்பிக்கும் காட்சி. ஒருவன் வலப்புறமும் மற்றவன் இடப்புறமும் அமர வேண்டுமென்று கேட்ட தாய் அவள்.

“இவங்களும் ரெண்டு பேரா, அம்மா?” என்றான் இளையவன். “எந்தப் பக்கம் நல்ல பக்கம்?”

அந்தக் கதையைச் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். அந்தத் தாயின் பேராசையைக் கண்டித்துச் செய்த பிரசங்கங்களும் கேட்டிருக்கிறோம். அன்று அவளைக் கண்டிக்க எமக்கு வாய் வரவில்லை. தன் பிள்ளைகளுக்கு நல்லதைக் கேட்பது தாய்க்குக் குற்றமா? குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. இரண்டே இருக்கைகள்தாம் உண்டென்று அவள் நம்பினாள். தன் பிள்ளைகள் அமர்ந்தால் பிறர் நிற்பார்கள் என்பதை எண்ணாது நம்பினாள். மற்றப் பத்துச் சீடர்களும் கோபமுற்றார்கள் என்கிறது கதை. அவர்களுக்கும் தாய்மார் இருந்திருப்பார்கள் அல்லவா?

அதே ஆலயத்தில் சிலுவைக் காட்சியும் உண்டு. மத்தேயுவின் சுவிசேஷத்தின்படி, சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துநின்ற பெண்களுள் இந்தத் தாயும் ஒருத்தி. தான் கேட்ட வலப்புறத்திலும் இடப்புறத்திலும் யார் இருந்தார்கள் என்பதை அவள் கண்ணாரக் கண்டாள். தண்டனைக்குள்ளான இரு ஏழைகள்! அவர்களையும் ஒரு தாயே பெற்றிருப்பாள்.

ஒரு தாய் மனம் மாறினால் உலகம் மாறிவிடும் என்று கூற நாம் வரவில்லை. நாம் படிவத்தை நிரப்ப மறுத்து இளையவனின் இடத்தை விட்டிருந்தாலும், அது அக்காவின் மகனுக்குப் போயிராது. பத்திரம் உள்ள வேறொருவருக்கே போயிருக்கும். ஆகவே கேள்வி எம் மனச்சாட்சியோடு முடிவதன்று. லயத்தில் வாழ்வோர்க்கு அவர்கள் பெயரில் நிலமும் வீடும் வேண்டும். சில தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் எழுந்த வீடுகள் எல்லாத் தோட்டங்களிலும் எழ வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் வந்து சேரும் முகவரி வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூடம், நகரத்துப் பள்ளியில் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் இடமாக இராமல், ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்த நல்ல பள்ளியாக வேண்டும். அப்போதுதான் இரு தாய்மார் ஒரே இருக்கைக்குக் கையேந்தும் நிலை ஒழியும். இதை எம் சபையிலும் அலுவலகத்துத் தொழிற்சங்கத்திலும் பேசத் தொடங்கியிருக்கிறோம். “உமக்கேன் இது? உம் பிள்ளைக்குத்தான் கிடைத்துவிட்டதே!” என்கிறார்கள். கிடைத்துவிட்டதனாலேயே பேசுகிறோம்.

சனிக்கிழமைகளில் அக்கா தம் இளைய மகனையும் அழைத்து வருகிறார். மூன்று பையன்களும் எம் கூடத்துத் தரையில் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு படிக்கிறார்கள். கணக்கில் அவன் எம் மகனை முந்துகிறான். இது பரிகாரமன்று, பாட்டனாருக்குப் பட்ட கடனின் வட்டியில் ஒரு சிறு பங்கு. மாலையில் அவர்களை வழியனுப்ப முச்சக்கர வண்டியில் பேருந்து நிலையத்துக்குப் போகிறோம். பையன்கள் மூவர், ஓரங்கள் இரண்டு. வழக்கு முன்னைவிடச் சிக்கலாகிவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரம் வந்ததும் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று அவர்களே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டார்கள். கோபுரத்தை யார் முதலில் கண்டது என்பதில் இன்னும் சண்டைதான்.