நாலு கம்பி

பாஞ்சாலங்குறிச்சியில் கோயில் கொடை ராத்திரி. உடைமரங்களை ஒட்டிய பொட்டலில் மேடை. அரசு 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை சற்றுத் தள்ளி இருட்டில் நிற்கிறது. தேவராட்டம் ஆடி முடித்தவர்கள் சலங்கையைக் கழற்றுகிறார்கள். அடுத்து ஆர்கெஸ்ட்ரா.

மேடையின் ஓரத்தில், டிரம்ஸ் மறைத்தது போக மீதி தெரிகிற ஒருவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். கழுத்தில் சின்னச் சிலுவை. மடியில் பேஸ் கிட்டார்.

"ஏல, நாலு கம்பிதான் இருக்கு. ரெண்டு அந்துபோச்சோ?" என்று எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து ஆளிடம் கேட்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

இறங்கப்போன உறுமிக்காரர் வளைந்த குச்சியால் தோலை ஒரு தேய்ப்புத் தேய்க்கிறார். அந்த முனகல் அடங்குவதற்குள் பேஸ்காரர் அடிக்கம்பியில் விரலை இழுத்து அதே முனகலைத் திருப்பித் தருகிறார். உறுமிக்காரர் நின்று, பார்த்து, சிரிக்கிறார். அவ்வளவுதான்.

கச்சேரி தொடங்குகிறது. 'இளைய நிலா' வந்ததும் கூட்டம் கிட்டார்காரப் பையனுக்குக் கைதட்டுகிறது. நியாயம்தான். ஆனால் அதற்கு அடியில் பேஸ் தன் பாட்டுக்கு இன்னொரு பாட்டைப் பாடிக்கொண்டு போகிறது. பாடகருக்குத் துணையும் போகிறது, அவரைத் தொடாமலும் போகிறது. இவர் பாடகரைப் பார்ப்பதே இல்லை. ராத்திரி முழுக்க அவர் கண் டிரம்ஸ்காரரின் வலது காலில்.

இடைவேளை. எல்லாரும் டீக்குப் போக, இவர் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வெறும் கம்பியில் எதையோ வாசிக்கிறார். மேடையோரம் நகர்ந்து காது கொடுக்கிறேன். மேற்கத்திய இசைமேதை பாக் செல்லோவுக்கு எழுதிய முதல் ஸ்வீட் (suite) இசையின் தொடக்கம்! கொஞ்ச தூரம் போனதும் நடை மாறுகிறது. தாளத்தின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுரமாக, நிற்காமல் நடக்கிற ஜாஸ் நடை. வாக்கிங் பேஸ் என்பார்கள்.

"அது என்ன பாட்டு அண்ணாச்சி?" கீபோர்டு பையன் கேட்கிறான்.

"பாட்டெல்லாம் இல்லல. வெரல் பழக்கம்."

எனக்கு ரான் கார்ட்டர் நினைவு. அமெரிக்காவில் 1937-ல் பிறந்தவர், பத்து வயதில் செல்லோ பிடித்தவர். கறுப்பர் என்பதால் வாய்ப்புகள் அடைபட, பேஸுக்கு மாறினார். 1959-ல் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் பட்டம் வாங்கியும் சிம்பொனிக் குழுக்கள் கதவு திறக்கவில்லை. ஜாஸுக்குப் போனார். 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் குழுவில் வாசித்தார். 2,200-க்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளில் அவர் பேஸ் இருப்பதாகக் கின்னஸ் பதிந்திருக்கிறது. பிற்பாடு பாக்கையும் பேஸில் வாசித்துத் தட்டு போட்டார். செல்லோவை விட்ட கையை பாக் விடவில்லை.

இந்த அண்ணாச்சி எந்தப் பள்ளியில் படித்தாரோ. நானாகப் போடும் கணக்கு இதுதான்: இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியவர். அவருடைய பாட்டுகளில் சசிதரன் வாசித்த பேஸை ஒரு சுரம் தவறாமல் முப்பது வருஷம் கொடை மேடைகளில் வாசிக்கிறவனுக்குப் பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும். மீதியை அவன் தேடிப் போய்ப் படிக்கவேண்டும். இவர் போயிருக்கிறார்.

ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு மறுபடி எரிகிறது. ஒரு குத்துப்பாட்டு. முன்வரிசைப் பிள்ளைகள் புழுதி கிளப்புகிறார்கள். அதையும் பாக்கை வாசித்த அதே முகத்தோடுதான் வாசிக்கிறார்.

ஒன்றரை மணிக்கு வேன் ஒட்டப்பிடாரம் ரோட்டில் ஏறியது. டிரம்ஸும் ஸ்பீக்கர் பெட்டிகளும் மேலே கட்டியிருந்தன. பேஸ் மட்டும் அவர் மடியில்.