காகிதத்தில் ஓர் எம்டன்



நம் ஊரில் யாராவது கெட்டிக்காரத்தனம் பண்ணினால், "அவன் பெரிய எம்டன்ல" என்று சொல்வோம். எங்க ஆச்சி என்னைத் திட்டும்போது கூட அந்த வார்த்தைதான் வரும். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஜெர்மனியில் எம்டன் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்த போர்க்கப்பல், முதல் உலகப்போரில், 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தின் மீது சுமார் 130 குண்டுகள் போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. சிலர் உயிரிழந்தார்கள். பயந்துபோன ஜனங்கள் பட்டணத்தை விட்டே ஓடினார்கள். கப்பல் போய்விட்டது, பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

பள்ளிக் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டபோது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ராக்கெட் என்றார்கள். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியதில் இருந்து எல்லாருக்கும் ராக்கெட் ஆசைதான். நாங்கள் மூன்று பேர் மட்டும் எம்டனைச் செய்வது என்று முடிவு பண்ணினோம். கடையில் வாங்கி ஒட்டுகிற மாதிரி இல்லை. நாங்களே அளவெடுத்து, நாங்களே வரைந்து, முழுக்கக் காகிதத்தில்.

உண்மையான எம்டன் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். இதை 200-ஆல் வகுத்தோம். நீளம் 59 செ.மீ., அகலம் 6.75 செ.மீ. வந்தது. பெஞ்சில் வைக்கச் சரியான அளவு. இந்தக் கணக்கில் 170 செ.மீ. உயரமுள்ள ஒரு ஆள் எட்டரை மில்லிமீட்டர்தான், ஒரு பெரிய எறும்பு அளவு! கிராப் தாளில் பக்கத் தோற்றம், மேல் தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் வரைந்தோம். கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "விகிதம் பாடத்தை நீங்களே நடத்திடலாம்" என்றார்கள்.

வரைந்தாயிற்று, எங்கே ஆரம்பிப்பது? எங்க பெரியப்பா தூத்துக்குடியில் தோணி கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் தாளைக் காட்டினேன். "முதல்ல ஏரா, பொறவு வங்கு, அதுக்கு அப்புறம்தாம்ல பலகை. மரமா இருந்தா என்ன, பேப்பரா இருந்தா என்ன, முறை அதுதான்" என்றார். ஏரா என்பது அடியில் நீளமாக ஓடுகிற முதுகெலும்பு. வங்கு என்பது விலா எலும்பு. பழைய நோட்டு அட்டையில் ஏராவை வெட்டி, பாதி ஆழத்துக்குக் கீறல் போட்டோம். வங்குகளிலும் பாதி ஆழத்துக்குக் கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினோம். பசை இல்லாமலே கூடு நின்றது! அதன் மேல் கல்யாணப் பத்திரிகை அட்டையில் மேல்தட்டு, பக்கங்களுக்குச் சார்ட் பேப்பர். நம் ஊர் உப்புக்காற்றில் சார்ட் பேப்பர் நெளியும். அதனால் ஒட்டிய ஒவ்வொரு துண்டையும் ஒரு ராத்திரி அகராதிக்கு அடியில் வைத்தோம்.

எம்டனில் பத்துப் பீரங்கிகள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு மூன்று. ஒவ்வொரு குழலும் 4.2 மீட்டர், அதாவது எங்கள் கணக்கில் 21 மில்லிமீட்டர். அதற்குப் பனை ஓலை ஈர்க்கு அளவெடுத்த மாதிரி அமைந்தது. புகைப்போக்கி மூன்று, பேனா மேல் தாளைச் சுற்றிச் செய்தோம். நாலாவது ஒன்றும் உண்டு, அது கழற்றி மாட்டுகிற மாதிரி. ஏன் தெரியுமா? கேப்டன் வான் முல்லர் எதிரியை ஏமாற்ற, ஒரு போலிப் புகைப்போக்கியை நிறுத்தி, தன் கப்பலை இங்கிலாந்துக் கப்பல் போலக் காட்டினார். பேச்சுவழக்கில் எம்டன் என்று சும்மாவா சொன்னார்கள்!

வெள்ளை அடிப்பதா, சாம்பல் அடிப்பதா என்று ஒரு சண்டை. சமாதான காலத்தில் அது வெள்ளைக் கப்பல், 'கீழ்த்திசையின் அன்னம்' என்று பெயர். போருக்கு வந்தபோது சாம்பல் நிறம். நாங்கள் செய்வது 1914 எம்டன், ஆகவே சாம்பல்.

பெரிய சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது. "ஏல, செண்பகராமன் பிள்ளை பொம்மையை மேல்தட்டுல நிறுத்து. வாரவங்க எல்லாம் கைதட்டுவாங்க, பரிசு நமக்குத்தான்" என்றான் ஒருவன். அவர் எம்டனில் வந்து சென்னையில் குண்டு போட வைத்தார் என்று நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். எனக்கும் ஆசைதான். எட்டரை மில்லிமீட்டரில் ஒரு பொம்மை கூட வெட்டி வைத்திருந்தேன். வரலாறு சாரிடம் கேட்டோம். அவர் தேதிகளை எழுதிக் காட்டினார். எம்டன் 1914 ஆகஸ்டில் பசிபிக் கடலில் மற்ற ஜெர்மன் கப்பல்களைப் பிரிந்து வந்தது. செண்பகராமன் பிள்ளை அந்த செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே.

இரண்டு நாள் நாங்கள் மூவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் நான் சொன்னேன்: "பீரங்கிக்கு ஒரு மில்லிமீட்டர் கூடினாலே வெட்டி எறியுதோம். இல்லாத ஆளை மட்டும் எப்படில நிறுத்துறது?" அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்பம் அதை அட்டையில எழுதி வைப்போம்" என்றான். எழுதி வைத்தோம்.

கண்காட்சி அன்று ஒரு தாத்தா அட்டையைப் படித்துவிட்டு, "எங்கப்பா சொன்னது பொய்யால?" என்று கோபமாகக் கேட்டார். "தாத்தா, அவர் பெரிய வீரர். 1915-ல் காபூலில் அமைந்த சுதந்திர இந்திய அரசில் வெளியுறவு மந்திரியாக இருந்தவர். இந்தக் கப்பலில் மட்டும் அவர் வரலை" என்றேன். அப்புறம் சார் சொல்லித் தந்ததையும் சொன்னேன். 1934-ல் பெர்லினில் இறந்த அவருடைய அஸ்தி, 1966-ல் ஐ.என்.எஸ். டெல்லி என்ற நம் இந்தியப் போர்க்கப்பலில் ஊர் வந்து சேர்ந்தது. தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்பம் கப்பல்லதான் வந்திருக்காரு" என்றார்.

முதல் பரிசு ராக்கெட்டுக்குப் போனது. எங்களுக்கு இரண்டாவது. அடுத்த வருடத்துக்கு ஐ.என்.எஸ். டெல்லியைத் தொடங்கிவிட்டோம். 169 மீட்டர், எங்கள் அளவில் 84.5 செ.மீ. கல்யாணப் பத்திரிகை வீட்டில் இருந்தால் எறிந்துவிடாமல் எங்களிடம் தாருங்கள். எம்டன் ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வந்து பாருங்கள், தயவுசெய்து தொடாதீர்கள், பீரங்கி எல்லாம் ஈர்க்கு!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்